குதிரைலாயத்து மணவாட்டி

அச்சாகவே இல்லாத ஒரு புத்தகத்தை ஒருவர் எப்படிப் படித்திருக்க முடியும்? 1936-ல் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பவுலின் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

பவுலின், தியோடர் வாத்தியாரின் மனைவி. வாத்தியாருக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் பள்ளிக்கூடம் கொடுத்த வீடும் போய்விடும். இருபது வருஷம் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தியதால் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பையன்களை வாசிக்கச் சொல்லிக் காதாலேயே பிழை திருத்துவார். பரீட்சைத் தாள்களை வீட்டில் பவுலின் திருத்துவாள். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வாசகர் கூட்டத்துக்கும் அவர் போகாமல் இருக்க முடியாது; அதற்கான புத்தகத்தைப் பவுலின் வீட்டில் வாசித்துக் காட்டுவாள், கூட்டத்துக்கும் கூடவே போவாள். பள்ளி மானேஜர் ஜெயராஜ்தான் அதற்குத் தலைவர். மாதக் கடைசி ஞாயிறு, சாயங்கால ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டு ஹாலில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து இந்த மாதம் படித்ததைச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் படிக்கப்போகும் புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். செக்ரட்டரி யூஜின் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். படித்துவிட்டு வந்து சொன்னவர் தன் வரியைத் தானே துடைக்கலாம். துடைக்கப்படாத வரியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். வாத்தியார் மூத்தவர் என்பதால் அவருடைய வரி எப்போதும் மேலே இருக்கும். பார்க்காமலே கையால் தடவித் துடைத்துவிடலாம்.

வாத்தியாரின் வாயும் சும்மா இருக்காது. ஒரு மாதம் யூஜின் பாதி படித்த நாவலை முழுவதும் படித்ததாகப் பேசினான்.

"ஏம்ப்பா யூஜின், மிச்சப் பாதியை இன்னைக்கு ராத்திரி முடிச்சிடுவியா? இல்லே அதை அடுத்த மாசத்துக்குப் போர்டுல எழுதிக்கலாமா?" என்றார் வாத்தியார்.

ஹால் குலுங்கிச் சிரித்தது. யூஜினும் சிரித்தான். அடுத்த கூட்டத்தில் அவன் வெகு பணிவாக எழுந்தான்.

"சார், 'குதிரைலாயத்து மணவாட்டி'ன்னு ஒரு நாவல் வந்திருக்கு. உங்களை மாதிரி ஆளுங்க படிக்கவேண்டியது. எழுதிடட்டுமா?"

"எழுது, எழுது" என்றார் வாத்தியார்.

பவுலின் அந்தப் புத்தகத்தைத் தேடி அலைந்தாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட், அவென்யூ ரோடு, தெரிந்தவர்கள் வீடு, எங்கும் இல்லை. "கிடைச்சுதா?" என்று அவர் தினமும் கேட்டார். இல்லை என்று சொன்னால் துடைக்கப்படாத வரியின் முன்னால் அவர் நிற்க வேண்டும். ஒரு நாள் "கிடைச்சுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் புரளும் சத்தம் அவர் காதில் விழும்படி அவ்வப்போது தாளைத் திருப்பி, தன் மனதிலிருந்து ஒரு கதையை வாசித்தாள். லாயக்காரன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தியை மாமியார் குதிரைகளோடு படுக்க வைக்கிறாள். அங்கே படுத்தே கிடக்கும் நொண்டிக் குதிரை ஒன்று அவள் குரலைக் கேட்டால் மட்டும் எழுந்து நிற்கும். அதை யாருக்கோ விற்றுவிடுகிறார்கள். அவள் தெருத் தெருவாக அதன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் ஒரு பாரவண்டி நடுரோட்டில் நின்றுவிடுகிறது. வண்டிக்காரன் சவுக்கால் விளாசுகிறான். குதிரை நகரவில்லை, அவள் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

வாத்தியார் கடைசி வரை கேட்டார். "எழுதினவன் மனுஷன்டி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையை அவர் சொன்னபோது அல்போன்சா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேல் வரியைத் தடவித் துடைத்தார். யூஜின் கைதட்டினான்.

"பிரமாதம் சார். புஸ்தகத்தை அச்சடிச்சது யாரு?"

"அதெல்லாம் யாருப்பா பார்க்கிறாங்க."

"பார்த்தாலும் தெரியாது சார். அப்படி ஒரு புஸ்தகமே கிடையாது. பேரை நானும் இங்க ரெண்டு மூணு பேரும் டீ குடிச்சிக்கிட்டே கட்டினோம். நீங்க சும்மாவே முழுக் கதையையும் படிச்சிட்டு வந்துட்டீங்க!"

சிரிப்பு ஓயவே இல்லை. அழுத அல்போன்சாவும் சிரித்தாள். வாத்தியாரின் முகம் மெல்லப் பவுலின் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான் படிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

ஜெயராஜ் சிரிக்கவில்லை. "பொய் சொல்ற வாத்தியார் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார்? நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க" என்றார்.

பவுலின் எழுந்துவிட்டாள். "அவர் பொய் சொல்லலே ஐயா. அவருக்குக் கண்ணு தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டுறேன். புஸ்தகம் கிடைக்கலே, நானே கட்டிச் சொன்னேன்."

"பவுலின், உட்காரு!" என்று கத்தினார் வாத்தியார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கண்ணு தெரியாதா? எத்தனை நாளா?" என்று கேட்டார் ஜெயராஜ்.

மறுநாளே வேலை போயிற்று. வீட்டை விட்டு ஜோகுபாளையத்தில் ஓர் ஒற்றை அறைக்குப் போனார்கள். அல்போன்சா அங்கே வந்து, "அடுத்த கூட்டத்துல அந்தக் குதிரைக் கதையைச் சொல்றியாக்கா? எல்லாரும் கேக்கணும்ங்கிறாங்க" என்றாள். பவுலின் கதவைச் சாத்தினாள்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். புது வீட்டில் முதல் நாள் சாயங்காலம் ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம் பவுலின்" என்றார். "நீ வாசிக்கிறது அதுல இருக்குதா, நீ கட்டுறதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமா இருக்கிறதைத்தாங்க வாசிப்பேன்."

"அன்னைக்கும் பக்கம் திருப்பினியே."

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி எழுத்துக் கூட்டித் தடுமாறி வாசிப்பாள். அவளைத்தான் பேப்பர் வாசிக்கச் சொல்வார். பவுலின் அடுப்பண்டை நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஏழு வருஷம், அவர் சாகும்வரை, அவள் குரலில் ஒரு வரி அவர் கேட்கவில்லை.

பவுலினும் போன வருஷம் இறந்துவிட்டாள். யூஜின் இன்றும் கல்யாண வீடுகளில் இதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அவன் கட்டியது பெயர் மட்டும்தான். கதை எந்த அச்சிலும் இல்லை. ஆகையால் இதைப் படித்த நீங்கள் உங்கள் கூட்டத்தில் ஒருவருக்காவது அந்தக் குதிரையின் கதையைச் சொல்லுங்கள். பவுலின் சொன்னது என்று அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.