வேப்பமரத்துக் காளான் கசாயம்

டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "இல்லங்க டாக்டர்" என்றேன்.

கட்டிலில் என் வீட்டுக்காரர் மூக்கில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்ற மாற்றப் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் தொடங்கிய ரத்தம், பதினோரு மணிக்கு மூக்கிலும் வந்துவிட்டது. டாக்டர் கேட்டது இதுதான்: "ஹார்ட்டுக்குக் குடுத்த மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறாரா?"

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். கொடுத்தவள் நான்.

போன வருஷம் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. கோச்சடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பு நிற்கிறது. ஐப்பசி மழை விட்டதும் அதன் தூரில் ஒரு காளான் கிளம்பியது. குடைக் காளான் இல்லை. காம்பில்லாமல், மரத்தில் சின்னப் பலகை அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு, கை அகலத்துக்கு இருந்தது. மேலே வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. நகத்தால் கீறினால் கட்டை. கீழே இருந்த துளசி இலையெல்லாம் அது உதிர்த்த பழுப்புத் தூள்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதே மாதிரி காளான். "ஏங்க, அம்புட்டு நோய்க்கும் இது ஒன்னே மருந்தாம். சீனாவுல ராஜாக்க குடிச்சதாம்" என்றேன்.

அவர் விவசாயக் குடும்பம். குனிந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். "ராஜா கெடக்குறாரு போ. இது வந்துச்சுன்னா மரம் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். மரத்தையே திங்கிற சனியன நான் திங்கணுமாக்கும்?"

நான் விடுவேனா? அறுத்துக் காயவைத்து, சீவி, அரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. என் வாய்க்குப் பயந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே இருபது நாள் குடித்தார்.

பிறகு ஏன் டாக்டரிடம் மறைத்தேன்? எங்கள் பக்கம் யாருமே சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. நாட்டு மருந்தைச் சொன்னால் திட்டு விழும் என்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சூரண டப்பாவை அலமாரிக்குள் தள்ளிவிட்டு வரும் ஆட்கள் நாங்கள்.

நாலாவது பஞ்சும் நனைந்தபோது அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்கிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை. சொல்லாதே, பரவாயில்லை என்பதாக லேசாகத் தலையை ஆட்டினார். பாவி மனுஷன்! மூக்கில் ரத்தம் ஒழுகுகிறது, எனக்குத் திட்டு விழக்கூடாதாம்.

"காளான் டாக்டர்! எங்க வேப்பமரத்துக் காளான்! நான்தான் காய்ச்சிக் குடுத்தேன்!" வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். திட்டவில்லை. எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "அது என்ன காளான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுல சில வகை ரத்தத்த இன்னும் இளக்கும்னு சொல்றாங்க. இந்த மாத்திரையோட சேந்தா இப்படி ஆகலாம். தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்னம்மா பண்ணிருப்பீங்க?"

என்ன பண்ணியிருப்பேன்? முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள், மூக்கில் துணித்திரி வைத்து அடைத்தார்கள். நாலு மணிக்கு ரத்தம் நின்றது.

பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவைச் சேர்த்திருந்த வில்லாபுரத்துப் பெண் மெல்ல என்னிடம் வந்தாள். "அக்கா, எங்கம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். நானும் ஒரு கசாயம் குடுக்குறேன். சொல்லணுமாக்கா?"

அவள் கூடையில், துணிக்கு அடியில் ஒரு பாட்டில். உள்ளே கறுப்புத் தண்ணீர். எதிர்க்கட்டிலில் இருந்த அம்மாள் தன் பையை மடியோடு இழுத்து மூடிக்கொண்டார். அடக் கடவுளே, அம்புட்டுப் பேருமா!

"நான் கத்துனத கேட்டுக்கிட்டா இம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருந்த? எந்திரி தாயி" என்றேன்.

"திட்டுவாங்கக்கா" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"திட்டட்டும். நானும் வாரேன்." பாட்டிலை நான் எடுத்துக்கொண்டேன். மறு கையால் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தேன்.