கியர்ல விட்ட கார்

நெசமா நடந்தது இது. நம்பாட்டி போங்க, எனக்கொண்ணும் நட்டமில்ல. சோலைமலை இன்னும் உடப்புசல்லாவை பக்கம் கார் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா இன்னைக்கும் ஹேண்டில் அடிக்கணும்னா, அதான் வண்டி மூக்குல கம்பியைச் சொருகிச் சுத்தி ஸ்டார்ட் பண்ணணும்னா, முதல்ல வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் அடிப்பாரு.

அது அறுபத்தொண்ணாம் வருஷம். கடைக்கார சோமசுந்தரம் முதலாளி ஹட்டன்ல ஒரு பழைய காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஹயருக்கு, அதான் வாடகைக்கு, ஓட்டச் சொல்லி இவருகிட்டக் குடுத்திருந்தாரு. மகா மக்கர் புடிச்ச வண்டி. ஸ்டார்ட் ஆக அழும். ஸ்டார்ட் ஆனாலும் நின்ன எடத்துல குதிக்கும்.

ஒரு நாள் சோலைமலையோட பொஞ்சாதி நாகலெட்சுமிக்கு வலி கண்டிருச்சு. புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. தேயிலைத் தோட்டத்து லொறி ஹட்டனுக்குப் போயிருந்துச்சு. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த மாமியார் வந்து சேரக்கூட மனுசன் காத்திருக்கல. பொஞ்சாதிய பின் சீட்டுல படுக்க வச்சு, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாரு.

மூணு மணி இருக்கும். பட்டப்பகல்தான். ஆனா மேல் முடக்குல, அந்த வளைவுல, ஏறுறப்ப பனி எறங்கி, பானட்டுக்கு முன்னால ரோடே தெரியல. ஏத்தத்துல கார் ரெண்டு தரம் இருமி நின்னுருச்சு.

அந்த வண்டியில ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான். ஏத்தத்துல நின்னா ஒண்ணாம் கியர்ல விட்டுட்டு, பின் டயருக்குக் கல்லை முட்டுக் குடுக்குறது மலையில ஓட்டுறவங்க பழக்கம். ஹேண்டில் அடிக்கிறதுக்கு முன்னால மறக்காம கியரை எடுத்து நியூட்ரல்ல விட்டுரணும். எடுக்காம அடிச்சா, எஞ்சின் பத்திக்கிட்ட ஒடனே வண்டி அடிக்கிறவன் மேலயே வரும்.

சோலைமலை கல்லைப் போட்டாரு. கியரை எடுத்தாரு. பானட்டைத் தூக்குனாரு. கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டிப் பாத்தா, பெட்ரோல் ஒழுங்கா வருது. அப்ப நெருப்புதான் வரல. பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுனா, உள்ள பூரா பனி வேர்த்துக் கெடக்கு. தோள்ல கெடந்த துண்டால துடைச்சு மாட்டிட்டு, ஹேண்டில் அடிச்சாரு. பத்திக்கிச்சு.

ஆனா ஓட்டம் சரியில்ல. டக்... டக்... டக்... ஒண்ணு விட்டுப் போகுது. நாலு சிலிண்டர்ல மூணுதான் வேலை செய்யுது. இந்த லட்சணத்துல ஏத்தம் ஏறாது.

எந்த சிலிண்டர் செத்ததுன்னு பாக்க, பிளக் வயரை ஒவ்வொண்ணாப் புடுங்கிப் புடுங்கி மாட்டுனாரு. முதலாவதைப் புடுங்குனதும் எஞ்சின் அணையப் பாத்துச்சு.

அப்பதான்... கண்ணு முன்னால ஆக்சிலேட்டர் கம்பி மெதுவா இழுபட்டுச்சு. உள்ள யாரோ காலால மிதிச்ச மாதிரி. எஞ்சின் அணையாம நின்னுச்சு.

"நாகு... முன்னால வந்தியா?"

"எந்திரிக்கவே முடியலீங்க..." பின் சீட்டுல இருந்துதான் குரல் வந்துச்சு.

கம்பி தேஞ்சிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டாரு. வேற என்ன செய்வாரு பாவம். ரெண்டாவதைப் புடுங்குனாரு. எஞ்சின் தள்ளாடுச்சு. கம்பி மறுபடி இழுபட்டுச்சு. மூணாவதைப் புடுங்குனாரு. சத்தம் மாறவேயில்ல. இதுதான் செத்தது.

இந்தத் தடவ கம்பியும் அசையல.

எஞ்சினை நிறுத்துனாரு. வண்டி கல்லு மேல லேசா நழுவுச்சு. சட்டுன்னு கதவைத் திறந்து, ஒண்ணாம் கியரைப் போட்டாரு. பிளக்கைக் கழட்டுனா கரி அப்பிக் கெடக்கு. சொரண்டி மாட்டுனாரு.

நாகலெட்சுமி அலறுனா.

பதறிப் போய் முன்னால ஓடி, ஹேண்டிலைச் சொருகி, மூச்சைப் புடிச்சு ஒரு சுத்து. என்னமோ லேசாச் சுத்துச்சு.

டக்-டக்-டக்-டக். நாலும் ஓடுது.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

கியர்.

கால் நகரல...

வண்டியும் நகரல.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தாரு. கியர் நியூட்ரல்ல இருந்துச்சு. தன் கையால போட்ட கியர்.

ஏறி உக்காந்தாரு. அந்தக் குளிர்ல...

சீட்டு சூடா இருந்துச்சு.

எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேந்தாருன்னு அவருக்கே தெரியாது. பொம்பளப் புள்ள. தாயும் தப்பிச்சுக்கிட்டா. மறுநாள் கட்டில்ல படுத்துக்கிட்டே அவ கேட்டா: "ஒத்தாசைக்கு வந்த அண்ணன் எங்க எறங்குனாருங்க? நீங்க ஹேண்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடுனப்ப அவருதான கியரைத் தட்டி விட்டாரு."

சோலைமலை நேரா முதலாளிகிட்டப் போய் நின்னாரு. முதல்ல மழுப்புன முதலாளி, அப்புறம் சொன்னாரு. முன்ன அந்தக் காரை ஓட்டுனவன் பேரு அழகுமுத்து. ஒரு முடக்குல நின்னப்ப, கியரை எடுக்க மறந்து ஹேண்டில் அடிச்சிருக்கான். கார் அவனை மண்மேட்டோட வச்சு நசுக்கிருச்சு.

"அப்புடி என்ன அவசரமுங்க அவனுக்கு?"

"பின் சீட்டுல பொஞ்சாதிப்பா. புள்ள வலி. ஆள் நடமாட்டமில்லாத ரோடு... விடிஞ்சுதான் பாத்திருக்காங்க. அவளும் போயிட்டா. புள்ளயும் போயிருச்சு."

சோலைமலை ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. நாகலெட்சுமி புள்ளய மடியில போட்டுத் தட்டிக்கிட்டிருந்தா.

"நாகு... கார்ல அந்த ஆளு மட்டுந்தான் இருந்தானா?"

"இல்லீங்களே. பின்னால என் பக்கத்துல ஒரு அக்கா இருந்துச்சே. கடைசி வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. என்னா குளுரு அந்தக் கையி."

"ஏதாச்சும் பேசுச்சா?"

"புள்ள பொறந்ததும் ஒரு தரம் தூக்கக் குடுப்பியான்னு கேட்டுச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

சோலைமலை வார்டு வாசலைத் திரும்பிப் பாத்தாரு.

"வந்துச்சா?"

"இன்னும் வரலீங்க."