மேடையில் தூங்கிப்போன ராஜா

வடக்குப்பட்டு ரகுபதிக்குப் பகலிலேயே கனவு வரும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் மிஷின் முன்னால் நின்றால், அது தகட்டை அடிக்கிற சத்தம் அவன் காதில் மிருதங்கமாகிவிடும். கை அதுபாட்டுக்கு வேலை பார்க்கும்; மனசு ராஜா உடுப்பில் திரியும். ஊர்க் கூத்தில் பன்னிரண்டு வருஷமாக அவன்தான் ராஜா. நாட்டையும் பிள்ளையையும் இழந்து, கடைசியில் உயிரையும் விடுகிற ராஜா.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடியில் ஒரு மத்தியானம் அப்படிக் கனவில் நின்றபோதுதான் பக்கத்து மிஷினில் மாரி அலறினான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமலிருக்கப் போட்டிருந்த கம்பித் தடுப்பை, வேலை வேகமாக ஓடட்டும் என்று சூப்பர்வைசர் நரசிம்மன் முதல் நாள்தான் கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றியவன் ரகுபதி.

நான்காம் நாள் நரசிம்மன் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மாரி குடிச்சிட்டு வந்தான்னு எழுதிக் குட்த்துட்டேன். திங்கக்கிழமை விசாரணை. நீ ஆமான்னு சொன்னா போதும், பர்மனென்ட் ஆயிடுவே."

"தடுப்பு, சார்?"

"அத்தக் கழட்டுனது யாரு? யோசிச்சிப் பேசு."

வீட்டில் மனைவி ஜோதிக்கு ஏழு மாசம். ரகுபதி ஆஸ்பத்திரிக்குப் போய் மாரியிடம் விஷயத்தைச் சொன்னான். தடுப்பைக் கழற்றியது தான்தான் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மாரி கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு சிரித்தான். "ஆமான்னு சொல்லிட்டு வாடா. போன விரலு திரும்பி வரப்போவுதா? உன் வூட்லயாச்சும் அடுப்பு எரியட்டும்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ரகுபதிக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில், ராத்திரி முழுக்க நடந்த ஊர்க் கூத்தின் கடைசிக் கட்டம். ராஜா செத்து விழுந்தான். மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஏரிக் காற்று ஈரமாக வந்து முகத்துப் பொடியைத் தடவியது. ஆர்மோனியம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நாலைந்து நாளாக மூடாத கண் மூடிக்கொண்டது.

கனவில், கிரீடத்தோடு கம்பெனிக்குள் நடந்தான். எல்லா மிஷினும் ஓடின, சத்தமே இல்லை. மாரி வேலையாக இருந்தான். ராஜா ஸ்பானரை எடுத்துத் தடுப்பை மாட்டினான். முடுக்க முடுக்க போல்ட்டு பஞ்சு மாதிரி கையோடு வந்தது.

மங்களம் பாடி முடித்தும் ராஜா எழவில்லை. ஜனம் பதறியது. ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உலுக்கினாள்.

"மாமா! எயிந்திரு மாமா!"

"நான்தான் ஜோதி கழட்டுனேன்" என்றான் கண்ணைத் திறந்து.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு நடக்கிறபோது எல்லாவற்றையும் சொன்னான்.

"சொன்னா வேல பூடுமே."

"பூடும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

விசாரணையில் ரகுபதிக்கு மேடைக் குரல் வரவில்லை. சன்னமாகத்தான் வந்தது. "மாரி குடிக்கல. தடுப்பு இல்ல. சார் கழட்டச் சொன்னாரு, நான் கழட்டிட்டேன்." நரசிம்மன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே அவன் வேலை போயிற்று. நரசிம்மன் சூப்பர்வைசராகவே இருந்தார். மாரிக்கு நஷ்டஈடும் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலையும் கிடைத்தன. ரகுபதி மணிமங்கலம் பக்கம் லாரிக்கு மண் ஏற்றப் போனான்.

பத்து நாள் பேசாமலிருந்த ஜோதி, பதினோராம் நாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே வாயைத் திறந்தாள். "மாரி பொஞ்சாதி கங்கா வந்திச்சி. கழட்டுனது நீதான்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி."

"இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் சொல்லல. முருங்கக்கீர குட்த்துட்டு, கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துட்டுப் போச்சி."