துவைத்த பூனை

காலுக்கடியில் யாரோ பஞ்சு வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்கு நோய் தொடங்கியது அப்படித்தான். அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கும் மிஷின்) டெய்லர். மிஷின் பெடலை மிதிக்கிறேன், மிதிப்பது தெரியவில்லை. செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு குனிந்து பார்த்தால் நான் செருப்பே போட்டிருக்கவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் எழுந்தபோது முட்டி மடங்கி, கட்டிங் டேபிளுக்கு அடியில் விழுந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சூப்பர்வைசர் தடுக்கி விழுவதை நடித்துக் காட்டுவது அங்கே என் இன்னொரு வேலை. அவரே வந்து நின்று, "போன தடவ இன்னும் நல்லா உழுந்தியேப்பா" என்றார்.

வீட்டில் அம்மாவும் நம்பவில்லை. அவளை நம்பவைத்தது முதலாளிதான். முதலாளி என்றால் எங்கள் பூனை. வேலை ஒன்றும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு சுற்றுவதால் நான் வைத்த பெயர். வயதான பெண் பூனை. அதன் குட்டிக்கு பாபின் என்று பெயர்.

முதலாளி தினமும் என் பாதங்களின் மேல்தான் படுக்கும். விழுந்த மறுநாள் விடிந்ததும், கண்ணைத் திறக்காமலே, முதலாளி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உன்ற கால் மேலதான் படுத்திருக்குது" என்றாள்.

இல்லை என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். அது என்னை முறைத்துக்கொண்டு அங்கேதான் படுத்திருந்தது. அம்மா அதற்கப்புறம் என்னைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கார் கேட்டாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாருக்காவது காலில் மரத்துப்போவது தொடங்கி மேலே ஏறினால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். அவன் விளையாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கிளம்புங்கள்.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் என் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்பு கடத்தல் சோதனை (நரம்பில் லேசாகக் கரண்ட் விட்டு, அது ஓடும் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். டாக்டர் வந்து, இது ஜி.பி.எஸ். என்றார்.

"ஏனுங்க டாக்டர், அது வண்டிக்கு வழி காட்டுறதுதானுங்க?"

"அதேதானுங்க. உங்க மூளை சொல்றதுக்குக் காலுக்குப் போற வழி மறந்துபோச்சு" என்றார். சிரிக்காமல் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஜி.பி.எஸ். (உடம்பின் காவல் அணுக்களே நரம்பின் மேலுறையை எதிரி என்று நினைத்து அரிக்கும் நோய்) பூனைகளால் வருவதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். சில வாரங்களுக்கு முன் எனக்கு வந்த வயிற்றுப்போக்கு காரணமாக இருக்கலாம் என்றார். இம்யுனோகுளோபுலின் (நல்ல ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே கைகளும் போயின.

ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சீக்கிரம் நின்றேன். ஒருநாள் எண்ணத் தொடங்கவே முடியவில்லை. வென்டிலேட்டர் (மூச்சு விட்டுத் தரும் இயந்திரம்) பொருத்தினார்கள். வாயில் குழாய். யாரையும் கிண்டல் செய்ய முடியாது. கண்ணிமை மட்டும்தான் என் சொல் கேட்டது. அந்த நாட்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றியபின், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பஸ் பிடித்து வந்தாள். அவளுக்குப் பூனைகளைப் பிடிக்காது. முதலாளியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"அந்த மூதேவி பாலக்கூட மோந்து பாக்க மாட்டீங்குதுடா. உன்ற செருப்பு மேலயே உக்காந்திருக்குது. எந்திரின்னா உறுமுது."

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். வயதாகிவிட்டது, கிட்னி சுருங்கியிருக்கும், சாப்பிட்டால் கொஞ்ச நாள் இருக்கும் என்றார்களாம். சாப்பிட்டால்தானே. என்னால் அப்போது சாய்ந்து உட்காரத்தான் முடியும்.

அந்தச் சமயத்தில்தான் பிசியோதெரபி மேடம் விரலுக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் போட்டிருந்த பனியனை நாலைந்து நாள் கழற்றவே இல்லை. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை வெட்டச் சொல்லி, ஒரு பூனை பொம்மை தைக்க ஆரம்பித்தேன். உள்ளே அடைக்க, கம்பெனியிலிருந்து அக்கா கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தாள்.

ஓவர்லாக் ஓட்டுகிறவனுக்குக் கைத்தையல் வராது. சட்டைப் பட்டன் போனால் நான் அம்மாவிடம் கொடுக்கிற ஆள். ஊசி விரல்களுக்கு நடுவில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். துணியில் ரத்தப் பொட்டு வந்தபின்தான் குத்தியதே தெரியும். வாலைத் தைத்துவிட்டு வெளிப்பக்கம் திருப்பினால் வால் உள்ளே மாட்டிக்கொண்டது. பிரிக்கத் தெம்பில்லை. அப்படியே அடைத்து மூடினேன். பக்கத்துக் கட்டில்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பன்னிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

என் வாசனை இருக்கிறது, அதன் மேல் படுத்தால் முதலாளி சாப்பிடும் என்பது என் கணக்கு. அதை அக்காவிடம் விளக்கவில்லை. பூனைக்கு வாசனை அனுப்புகிறேன் என்று சொன்னால் ஆயுசுக்கும் என்னை ஓட்டுவாள். முதலாளிகிட்டப் போட்டுவிடு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற எதுவும் நனையாமல் வீட்டுக்குள் போகாது. ஆளும் குளிக்க வேண்டும், துணியும் ஊற வேண்டும். மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"சுடுதண்ணியில சோப்பு போட்டு ஊற வெச்சு, நல்லா கசக்கிப்போட்டேன்டா. கடைசித் தண்ணிக்கு வாசனை மருந்துகூட ஊத்துனேன். காஞ்சதும் அதுகிட்டப் போட்டேன். மோந்து பாத்துட்டு அக்கட்டால போயிருச்சு."

என் மேலுள்ள பிரியத்தில்தான் அந்த வாசனை மருந்தையும் ஊற்றியிருக்கிறாள். அம்மாவிடம் இன்னொரு பனியன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பொம்மைக்கு உடம்பும் ஒரு காதும் தைத்திருந்தேன். விரல்கள் முன்பைவிடச் சொன்ன பேச்சைக் கேட்டன. அன்று போனில் வழக்கம்போல, முதலாளி என்ன செய்கிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது பாவம், நல்லாத் தூங்குது கண்ணு" என்றாள்.

மூதேவி என்று சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் அதைப் பாவம் என்று அவள் சொன்னதே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். தானாகத் திரும்ப முடியாது. அம்மாதான் திருப்பிவிட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் நர்ஸிடம் பழக்கதோஷத்தில் "வாரேனுங்க" என்றேன். "நீங்க வரவே வேண்டாமுங்க" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வாசலில் என் பழைய செருப்புகள் அதே இடத்தில் இருந்தன. மேலே சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. அவற்றை இனி நான் போட முடியாது. நடக்கும்போது கழன்று விழுந்தாலும் தெரியாது என்பதால் பட்டை வைத்த செருப்பு கொடுத்திருக்கிறார்கள். கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் மண் கொஞ்சம் புதிதாக இருந்தது. வாக்கரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று, "கடேசி வரைக்கும் என்ற கைல ஒருவாய் திங்கலடா" என்றாள். குறையாகத்தான் சொன்னாள். ஆனால் அழுதாள். பொம்மையைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை. அவள் இதைப் படிக்கப்போவதில்லை.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம் என்றார் டாக்டர். எப்போது முடியும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். முன்பு ஒரு மணி நேரம் என்றால் எனக்கு இத்தனை பீஸ். இப்போது ஒரு மணி நேரம் என்றால் கட்டிலிலிருந்து வாசல் வரை போய் உட்கார்ந்து, திரும்பி வருவது.

துவைத்த பொம்மை என் கால்மாட்டில் கிடக்கிறது. உள்ளே வேஸ்ட் கட்டிதட்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பாபின் சில நாள் அதன் மேல் படுக்கிறது, சில நாள் என் மேல்.

விடிகாலையில் பாதங்களின் மேல் ஒரு கனம் தெரிகிறது. பாபினாக இருக்கலாம். பொம்மை உருண்டு வந்திருக்கலாம். சும்மாவே அப்படித் தோன்றும், நரம்பு துளிர்க்கும்போது பொய்யும் சொல்லும் என்று பிசியோ மேடம் சொல்லியிருக்கிறார். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருக்கிறேன்.