நடுத் தலைமுறையைத் தேடிய நாட்கள்

1974, பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மாமல்லபுரத்தில் என் அக்காளின் வீட்டுக் கூடத்தில், அன்று மாலை தொட்டிலிடப்போகும் ஆண் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டில் என் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஆங்கில இலக்கியம் முதுகலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்க் குடும்பத்திடம் இருந்த கதைப்பாடலின் காலத்தைக் கணிப்பது என் ஆய்வேடு. அதற்கு அக்குடும்பத்தின் வம்சாவளி தெரிய வேண்டும். அதற்குக் கிடைத்தவை அச்சில் வந்த பழைய நிலப் பத்திரங்கள் மட்டுமே.

அவற்றில் ஒரே பெயருடைய இருவர் வந்தனர். முன்னவர் தாத்தா, பின்னவர் பேரன் என்று முதல் நாளே எழுதிவிட்டேன். எங்கள் வீடுகளில் தாத்தாவின் பெயர்தான் பேரனுக்கு; அதை ஆராய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆகவே நடுவில் வேறு பெயருடைய மகன் ஒருவர் இருந்தாக வேண்டும். மழைக்காலம் முழுவதும் அவரைத் தேடினேன். எந்தப் பத்திரத்திலும் அவர் இல்லை. ஒரு பெண் மட்டும் இருந்தாள். ஒரு பத்திரம் அவளை முன்னவரின் மனைவி என்றது. மற்றொன்று பின்னவரின் தாய் என்றது. ‘பாட்டி’ என்பதைப் படியெடுத்தவர் பிழையாகத் ‘தாய்’ என எழுதிவிட்டார் என்று அடிக்குறிப்பு போட்டிருந்தேன்.

திங்கட்கிழமைக்குள் அந்த இடைவெளி நிரம்பாவிட்டால் ஆய்வேட்டை ஏற்க இயலாது என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஏற்கப்படாவிட்டால் சென்னையில் எனக்கென ஒதுக்கியிருந்த ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

“எதுக்கு இவ்ளோ யோசனை? என் பேரையே வெச்சிடலாம்” என்று கூடத்தில் அக்காளின் கணவர் சொன்னது காதில் விழுந்தது.

“நல்லா கீது அண்ணாத்த!” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கடற்கரையில் சங்கும் சிப்பியும் விற்கும் முஸ்லிம் குடும்பத்தவள். “அப்பன் பேரை யாராச்சும் புள்ளைக்கு வெப்பாங்களா? உன் பேரை வாயால சொல்லாதவ, புள்ளைய இன்னான்னு கூப்புடுவா?”

“‘ஏங்க’ன்னு கூப்பிடட்டும்.”

“தொட்டில்ல கிடக்கறதையா?” என்றாள் அக்காள்.

“அடியே, சரின்னு சொல்லு! புள்ளைய திட்ற சாக்குல புருஷனையும் பேர் சொல்லித் திட்டிக்கலாம்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். யாராவது வைப்பார்களா? வைப்பார்கள். நான் படித்த நாவல்களிலேயே தந்தையின் பெயரைத் தாங்கிய மகன்கள் எத்தனை பேர்! கதைகளில் அவர்களை இயல்பாகக் கடந்து வந்தவள், பத்திரங்களில் மட்டும் அவர்களை எங்கள் தெருவில் குடியேற்றியிருந்தேன்.

பத்திரங்களின் ஆண்டுகளைத் திரும்பவும் ஒப்பிட்டேன். அவள் பாட்டியாக இருந்தால் நூறு வயதைத் தாண்டி நிலம் விற்றிருக்க வேண்டும். தாயாக இருந்தால் எல்லாம் பொருந்தின. தந்தையின் மனைவி, மகனின் தாய், இருவரும் ஒருத்தியே. படியெடுத்தவர் பிழை செய்யவில்லை.

தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்கு வந்த அக்காள் என்னைப் பார்த்தாள். “ஏன்டி தனியா சிரிக்கிற?”

“நான் தேடின ஆள் பொறக்கவே இல்லக்கா.”

“பொறக்காதவனுக்கா இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாம அலைஞ்ச? எழுந்து வா, தொட்டில் கட்டணும்.”

மாலையில் குழந்தைக்கு அவனுடைய தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். மாமனார் பெயரையும் சொல்லக்கூடாத அக்காள், அவன் காதருகே குனிந்து “கண்ணு” என்றாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். தட்டச்சு நிலையம் திறக்கும்வரை அதன் படியில் அமர்ந்து, வம்சாவளிப் படத்தின் நடுவே கேள்விக்குறியோடு நின்ற கட்டத்தை ரப்பரால் அழித்தேன். பிறகு மேலிருந்த பெயரிலிருந்து கீழிருந்த அதே பெயருக்கு அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.