ஆன்ஸெல்ம் போட்ட ‘ஆம்’

ஆன்ஸெல்ம் வெர்ஞோல் நாற்பது வருஷம் நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் எழுதியவர். ஒரு மாட்டுக் கொட்டில் கைமாறினாலும் மூன்று நிபந்தனை சேர்க்காமல் அவர் பேனா மூடியதில்லை. அந்த மிடுக்கில், ஊர் வாக்குச்சாவடித் தலைவர் நாற்காலியையும் இருபது வருஷமாக விடாமல் பிடித்திருந்தார். போன தேர்தலில் மாட்டுக்காரர் ஷஸ்தாங், சீட்டின் ஓரத்தில் ‘எல்லாரும் திருடர்கள்’ என்று எழுதிப்போட, அதைச் செல்லாத ஓட்டாக்கியவர் இவர்தான்.

ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்துக்கு பிரான்ஸ் வாக்களிக்க வேண்டிய 2005 மே மாதம், அதன் முழுப் பிரதி வீட்டுக்கு வீடு தபாலில் வந்தது. சிலர் ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஷஸ்தாங் அடுப்புப் பற்றவைத்தார். முழுக்கப் படித்த ஒரே ஜீவன் ஆன்ஸெல்ம்; அதன் மூன்றாம் பாகம் மட்டும் அவருக்கு உறுத்தியது. படித்ததோடு நிற்காமல் மதுக்கடையில் வகுப்பும் எடுத்தார்.

“இருபத்தஞ்சு நாடு, ஒரே சட்டம்! புரியுதாய்யா?”

“பக்கத்து ஊரோட சேந்து ஒரு குப்பை வண்டி வச்சுக்க முடியல நமக்கு. இவரு இருபத்தஞ்சு நாட்டக் கட்டி மேய்க்கப் போறாராம்!” என்றார் ஷஸ்தாங்.

கடையே சிரித்தது. ஆன்ஸெல்முக்குச் சுருக்கென்றது.

“நம்ம ஊர்ல ஒரு ‘ஆம்’கூட விழலேன்னா அந்த நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன்!”

ஒரு ஓட்டு தன் கையிலேயே இருக்கும்போது என்ன பயம்?

ஞாயிற்றுக்கிழமை திரைக்குள் போய், ‘ஆம்’, ‘இல்லை’ என்று அச்சடித்துக் கொடுத்த இரண்டு சீட்டில் ‘ஆம்’ சீட்டை எடுத்தார். வெறும் ‘ஆம்’. ஒரு நிபந்தனைகூட இல்லை. கை கூசியது. அரசாங்கங்களே தங்கள் ஆட்சேபணையைப் பதிந்துவிட்டுத்தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன? பேனாவைத் திறந்து, ‘மூன்றாம் பாகம் நீங்கலாக’ என்று அழகாக எழுதி, நீல உறையில் போட்டார்.

எண்ணிக்கைக்கு ஊரே கூடியது. ஷஸ்தாங்தான் உறைகளைப் பிரித்தார். “இல்லை... இல்லை... இல்லை...” முப்பத்தேழும் அதுவே. கடைசிச் சீட்டில் நிதானித்தார்.

“ஆம். மூன்றாம் பாகம் நீங்கலாக.”

அந்தக் கொக்கி எழுத்து ஊரில் எல்லார் வீட்டுப் பத்திரத்திலும் இருக்கிறது.

“என்ன தலைவரே, செல்லுமா?”

“கிறுக்கல் வேற, நிபந்தனை வேற...”

“அப்ப அன்னிக்கு நான் எழுதினது?”

ஆன்ஸெல்ம் மனைவி சொலாஞைப் பார்த்தார்.

“என்னை எதுக்குப் பாக்குறீங்க? மூணு வாரமா சூப்பு ஆறஆற படிச்சுக் காட்டினீங்களே, அப்பவே ‘இல்லை’ன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“செல்லாது,” என்றார் ஆன்ஸெல்ம், யாரையும் பார்க்காமல்.

பதிவேட்டில் ‘ஆம்: பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனா மூடவில்லை. கையெழுத்துக்குக் கீழே ‘ஆட்சேபணையுடன்’ என்று தொடங்கியபோது சொலாஞ் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போதும். எந்திரிங்க.”

எழுந்தார். காலியான நாற்காலியில் ஷஸ்தாங் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார்.