பிரயாணிகள் பக்கம்

எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் புதன்கிழமை ஆராதனை என் பொறுப்பு. நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். குரல் பெரியது, பாட்டும் கொஞ்சம் வரும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசி பீடத்து வெள்ளைத் துணியில் கறுப்பாகப் படிந்திருக்கும். காலையில் வந்ததும் அதை உதறவேண்டும். உதற உதறக் கோபம் வரும். பெரும்பாலும் அந்தக் கோபத்தோடுதான் ஜெபத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் பாவ அறிக்கை. பல்பம் திருடியதைத் தவிர ஒரு பாவமும் அறியாத வாண்டுகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உருக்கமாகச் சொல்லும். அடுத்தது விண்ணப்ப நோட்டு. அதில் மூன்று பக்கங்கள்: நோயாளிகள், பிரயாணிகள், துக்கத்தில் இருப்பவர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து சொல்லிவிடுவதை எழுதிவைத்து நான் வாசிப்பேன். எல்லாரும் முழங்காலில் இருக்க, யார் வீட்டு விண்ணப்பமோ அந்தப் பிள்ளை மட்டும் எழுந்து நிற்க வேண்டும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. இறந்தவர்களுக்கென்று பக்கம் கிடையாது. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. விட்டுப்போன குடும்பத்துக்குத்தான் ஜெபம்.

என் வகுப்பில் ஒரு கத்தோலிக்க வீட்டுச் சிறுமி இருந்தாள். ஆமென் சொன்னதும் மற்றவர்கள் எழுந்து ஓடப் பார்க்க, அவள் மட்டும் நிதானமாகச் சிலுவை போடுவாள். அவளுடைய அப்பா மாலத்தீவுக்குக் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிப்போகும் சரக்குத் தோணியில் வேலை பார்த்தார். தோணி புறப்படும்போதெல்லாம் என்னிடம் வந்து சொல்லுவாள். அப்பா திரும்பியதும், "வந்துட்டாவ டீச்சர், அடிச்சிருங்க" என்பாள். நான் பிரயாணிகள் பக்கத்தில் அவர் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டை அவள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

கடைசியாகப் போன தோணி திரும்பவில்லை. நடுக்கடலில் காற்றில் சிக்கிக் கவிழ்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த கப்பல் சிலரைக் காப்பாற்றியது. அவளுடைய அப்பா அவர்களில் இல்லை. எனக்கு இது இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியை சொல்லித்தான் தெரியும்.

"தேடுறதையும் விட்டுட்டாவளாம். இனியும் பிரயாணின்னு எப்பிடி வாசிக்க?" என்றார்.

அவர் கேட்டதோடு சரி. செய்தது நான். எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். டஸ்டர் மேசையின் இடது மூலையில் இல்லாவிட்டால்கூட எனக்குப் பாடம் ஓடாது. கடவுள் முன்னால் நின்றுகொண்டு உண்மையில்லாததை வாசிக்கலாமா என்று நினைத்தேன். அந்த வரியைத் துக்கப் பக்கத்துக்கு மாற்றி எழுதினேன். பிள்ளை தினமும் ரெட்டைச்சடை போட்டுப் பள்ளிக்கு வருகிறதே, எவ்வளவு தைரியம் என்று வியக்கவும் செய்தேன். அவள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை நோயாளிகளை வாசித்து முடித்து, பிரயாணிகள் என்றதும் அவள் வழக்கம்போல எழுந்துவிட்டாள். நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களை வாசித்தேன், லாரி ஓட்டுகிறவர்களை வாசித்தேன். அவளுடைய அப்பாவை வாசிக்கவில்லை. அவள் உட்காரவில்லை. வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தைத் திருப்பி, தோணி விபத்தில் தகப்பனை இழந்து தவிக்கும் நான்காம் வகுப்பு மாணவியின் குடும்பத்தைத் தேற்ற வேண்டும் என்று என் பெரிய குரலில் வாசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவளுக்கு எழுந்து நிற்கும் வேலைகூட இல்லை. வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. முழங்காலில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. அவளுக்கு விஷயமே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலாம்.

"தோணி ரிப்பேரு, அப்பா வர நாளாகும்னு சொல்லி வச்சிருந்தேன் டீச்சர். தெருவுல ஒருத்தரு வாய் தெறக்கல. எங்க அண்ணன் வெளியூர்லருந்து வந்ததும் பக்கத்துல உக்கார வச்சிச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஜெபம் பண்ணிட்டிய."

ஒரு தெருவே அந்தப் பிள்ளைக்காக வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவசரக்குடுக்கை நான் ஆலயத்தில் நின்று அறிவித்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க கோயில்ல அப்பாவுக்குப் பூசை வச்சாச்சு. இங்கனயும் அப்பாவுக்கு ஜெபிப்பியளா?"

"இங்க இறந்தவங்களுக்காக ஜெபிக்கிறதில்லம்மா. அவங்க ஆண்டவர்ட்ட போயிட்டாங்க."

"போய்ச் சேந்துட்டாவளா? அப்ப ஏன் நீங்க இன்னும் கோடு அடிக்கல?"

நோட்டை எடுத்துப் பிரயாணிகள் பக்கத்தைத் திறந்தேன். அவள் சொன்னது சரிதான். துக்கப் பக்கத்தில் எழுதிய அவசரத்தில் இங்கே அடிக்க மறந்திருக்கிறேன். பேனாவின் மூடியைத் திறந்தேன். அவள் எப்போதும்போல எட்டிப் பார்த்தாள். என்னால் அடிக்க முடியவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. புதன்கிழமைகளில் பிரயாணிகள் என்று சொன்னதும் எழுந்து நிற்கிறாள். இருப்பதையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, அவளாக உட்காரும்வரை நான் பேசாமல் நிற்கிறேன். தலைமையாசிரியைக்கும் இது தெரியும். வாரம் தவறாமல் அத்தனை பிள்ளைகளையும் பாவ அறிக்கை சொல்லவைக்கிறேன். அவளிடம் மட்டும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.